பாவாடை நசுங்கிய குண்டு

டெக்சாஸில் இருக்கும் என் மச்சானுக்கு ரைஃபிள் தோட்டாவை வீட்டிலேயே தயாரிப்பதுதான் பொழுதுபோக்கு. சுட்டு முடித்த பித்தளைக் குப்பிகளைப் பொறுக்கி வந்து தேய்த்துக் கழுவி, மருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டைப் பொருத்துவான். மருந்து 0.1 கிரெயின் கூடிவிட்டால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது. ஒரு கிரெயின் என்றால் ஏறக்குறைய 65 மில்லிகிராம், நம் குன்றிமணியில் பாதி. அதில் பத்தில் ஒரு பங்குக்காக நடுராத்திரியில் வீடியோ காலில் வந்து புலம்புவான்.

கேட்டுக் கேட்டு எனக்கும் தொற்றிக்கொண்டது. ஆனால் கனகம்மாசத்திரத்தில் உட்கார்ந்து, உரிமம் இல்லாமல் தோட்டா செய்தால் 1959ஆம் வருட ஆயுதச் சட்டம் என்னை வேறு இடத்தில் உட்கார வைத்துவிடும். ஆகவே ஏர் ரைஃபிள். சென்னைப் பக்கம் ஒரு கிளப்பில் சேர்ந்தேன். பத்து மீட்டர் தள்ளி ஒரு காகித அட்டை; அதன் நடுவில் பத்து மதிப்பெண்ணுக்கான புள்ளியின் விட்டம் 0.5 மில்லிமீட்டர். 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா கடைசிக் குண்டில் 10.8 எடுத்துத் தங்கம் வாங்கியது அந்தப் புள்ளியில்தான். என் குண்டுகளோ ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையேறும் கூட்டம் மாதிரி அட்டை முழுக்கப் பரவி நின்றன.

"முதல்ல மூச்சைப் பாருங்க சார்" என்றார் பயிற்சியாளர். மூச்சில் என்ன கோளாறு இருக்க முடியும்? ஐம்பது வருஷமாக விட்டுக்கொண்டிருக்கிறேன். கோளாறு குண்டில்தான் என்று முடிவு கட்டினேன். ஏர் ரைஃபிளில் மருந்து கிடையாது, கலக்க வழியில்லை. நிறுக்கலாமே! டப்பாவுக்கு 500 குண்டு, ஒவ்வொன்றும் அரை கிராமுக்குக் கொஞ்சம் மேல். பைக் பெட்டியில் போட்டுக்கொண்டு ஊருக்கு வந்தேன். மில்லிகிராம் தராசுக்கு ஆசாரி கடையை விட்டால் வேறு எங்கே போவது?

"இன்னா சார், வெள்ளியா?"

"ஈயம்."

"ஈயமா? அது கிலோ கணக்குல போடற சாமானாச்சே!"

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த தராசு, நான் பெருமூச்சு விட்டாலே எண்ணை மாற்றியது. ஆசாரி எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினார். சித்திரை வெயில். சாமணத்தால் ஒவ்வொரு குண்டாக எடுத்து வைத்தேன். 0.531. 0.528. 0.534. மூன்று கும்பலாகப் பிரித்து, கும்பலுக்கு முன்னால் ஒரு துண்டுச் சீட்டில் எடையை எழுதி வைத்தேன். இரண்டு மணி நேரம். கம்மலுக்குத் திருகாணி மாற்ற வந்த ஒரு அம்மா, வியர்வை சொட்டச் சொட்ட நான் செய்வதைப் பார்த்து, "பாவம், வைரமா?" என்று ஆசாரியிடம் தெலுங்கில் விசாரித்தார். அவர் பதில் சொல்லவில்லை. தொழில் ரகசியம் என்று நினைத்துக்கொண்டு போயிருப்பார்.

கடைசிக் குண்டை வைத்ததும் ஆசாரி மெதுவாகக் கேட்டார்: "அது சரி, இத்த வெச்சு எத்த சுடப்போறீங்க?"

"காகிதத்தை."

"பேப்பரையா?"

வேறொன்றும் சொல்லாமல் எழுந்துபோய் ஃபேனைப் போட்டார். துண்டுச் சீட்டுகள் மூன்றும் பறந்து, ஒன்று திருப்பதி நெடுஞ்சாலைக்கே போய்விட்டது. ஒரே மாதிரி மூன்று ஈயக் கும்பல்களுக்கு முன்னால் நான்.

அவருக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. ஒரு குண்டை எடுத்து, கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு திருப்பிப் பார்த்தார். ஏர் ரைஃபிள் குண்டுக்குத் தலை தட்டை, இடுப்பு ஒல்லி, கீழே விரிந்த ஓரம். அந்த ஓரத்துக்கு ஆங்கிலத்தில் வைத்திருக்கிற பெயரே பாவாடைதான். காற்று அதற்குள் புகுந்து, அதைக் குழலின் சுவரோடு அழுத்தித்தான் குண்டைத் தள்ளுகிறது.

"எடை கெடக்குது சார். இதும் பாவாடைய பாருங்க, நசுங்கிப்போய்க் கெடக்குது." அடுத்ததை எடுத்தார். "இதுவும்." கால் மணி நேரத்தில் நாற்பதுக்கு மேல் தள்ளிவிட்டார். தங்கத்தில் மயிரிழைச் சொட்டையைக் கண்டுபிடிக்கிற கண்.

"எதுல எடுத்தாந்தீங்க?"

பைக் பெட்டியில் என்றேன். சென்னையிலிருந்து எத்தனை வேகத்தடை என்று கேட்டார். எண்ணவில்லை. ஒவ்வொன்றிலும் 500 குண்டுகளும் டப்பாவுக்குள் குதித்து ஒன்றையொன்று மிதித்திருக்கின்றன.

இப்போதெல்லாம் கிளப்புக்குப் பேருந்தில்தான் போகிறேன். குண்டு டப்பா பஞ்சு சுற்றி டிபன் பாக்ஸுக்குள், டிபன் பாக்ஸ் என் மடியில். போன வாரம் நல்ல கூட்டம். பக்கத்தில் நின்ற பெரியவர், "குழந்தைக்கு மருந்தாப்பா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள், இடிக்காமல் இருக்கத் தன் பையை அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டார். அன்றைக்குச் சுட்டதில் ஐந்துக்கு நான்கு குண்டுகள் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கின. ஐந்தாவது எங்கே போனது என்று அட்டையில் தேடிக்கொண்டிருந்தபோது பயிற்சியாளர் வந்து நின்றார்.

"மூச்சு" என்றார்.