முக்கால் யூனிட் சம்சாரம்

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 2016-இல் வந்த ஏற்பாடு. நாள் கணக்கில் பிரித்தால் ஒன்றரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே வரும். அந்த இனாமில் பாதிகூட இல்லாத மின்சாரத்தை வைத்துக்கொண்டு நாலு பேர் ஒரு வேனில் ஸ்காட்லாந்தைச் சுற்ற முடியுமா என்று கேட்டால், தாராளமாக முடியும். ஒற்றுமையாகச் சுற்ற முடியுமா என்று மட்டும் கேட்காதீர்கள்.

கணக்கு எளிது. எங்கள் கேம்பர்வேனின் பின்சீட்டுக்கு அடியில் ஒரு லெட்-ஆசிட் பேட்டரி இருக்கிறது. வண்டியை ஸ்டார்ட் செய்கிற பேட்டரி வேறு. இது விளக்கு, தண்ணீர் பம்பு, ஹீட்டர் என்று வீட்டுப் புழக்கத்துக்குத் தனியாக வைத்தது. 12 வோல்ட், 110 ஆம்பியர்-அவர். பெருக்கினால் 1.3 யூனிட் வருகிறதே என்று சந்தோஷப்படுவதற்குள் அடுத்த விதி வந்து நிற்கும்: அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் பேட்டரியின் ஆயுசு போய்விடும். ஆக, கைக்கு வருவது முக்கால் யூனிட்டுக்கும் குறைவு. இங்கிலாந்துச் சமையலறைகளில் புழங்கும் கெட்டில் 3 கிலோவாட். ஏட்டுக் கணக்கில் அதை 13 நிமிஷம் ஓட்டலாம். நிஜத்தில் 250 ஆம்பியர் இழுக்கும். தண்ணீர் கொதிப்பதற்குள் ஃபியூஸ் போயிருக்கும்.

கேம்ப்சைட்டில் நிறுத்தினால் இந்தத் தொல்லை இல்லை. குட்டையான கம்பம் ஒன்று நட்டு, அதில் நீல சாக்கெட் வைத்திருப்பார்கள். ஆரஞ்சு வயரை இழுத்துச் செருகினால் 230 வோல்ட் வந்துவிடும். ஆனால் வேன் வாங்கியவர்களுக்கு ஒரு வீம்பு உண்டு. கம்பத்தில் செருகிக்கொண்டு கிடப்பதற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாமே என்பார்கள். நானும் சொன்னேன். அக்டோபர் விடுமுறைக்கு லீட்ஸிலிருந்து வடக்கே கிளம்பும்போது, மதுரையிலிருந்து வந்திருந்த மாமனாரையும் ஏற்றிக்கொண்டோம். அத்தை, மச்சினன் வீட்டில் பிரசவம் பார்க்க ஊரிலேயே தங்கிவிட்டார். வேனில் நாலு பெர்த்துதான் என்பதால் பிறந்த குழந்தைக்கு நாங்கள் எல்லோருமே கடன்பட்டிருக்கிறோம்.

மாமா மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 2012-இல் சென்னைக்கு இரண்டு மணி நேரமும் மற்ற மாவட்டங்களுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலும் கரண்ட் போய்க்கொண்டிருந்த காலத்தில், தெருவில் அவர் தலை தெரிந்தாலே “எப்ப சார் கரண்ட் வரும்?” என்று வழிமறிப்பார்கள். “மேல இருந்து சொல்லணும்” என்பது அவருடைய நிரந்தர பதில். அந்த ‘மேல’ எங்கே இருக்கிறது, அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவருக்கும் தெரியாது. எங்கள் வேனில் ஏறி, கதவுக்கு மேலே ஒளிர்ந்த சின்ன வோல்ட்மீட்டரைப் பார்த்தவுடன் அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த நாற்காலி இப்போது காலியாக இருக்கிறது.

முதல் இரவே ஆய்வு தொடங்கியது. மற்றவர்கள் தூங்கிய பிறகு மாமா ஒரு பச்சை விளக்கைக் கண்டுபிடித்தார். 12 வோல்ட்டை 230 ஆக்குகிற இன்வெர்ட்டரின் விளக்கு அது. அதில் எதையும் செருகியிருக்கவில்லை. ஆனாலும் இன்வெர்ட்டர் விழித்திருந்தால் அதற்கென்று ஒரு ஆம்பியர் அளவுக்குத் தின்னும்; விடிவதற்குள் பத்து ஆம்பியர்-அவர் காலி.

“மாப்ள, ஒரு வேலையும் பாக்காம ராப்பூரா திங்குதே, நம்ம வீட்டுப் பய மாதிரி” என்றார். மச்சினனைத்தான் சொல்கிறார். பெற்றவர் சொல்லும்போது மறுத்துப் பேசுவது மரியாதை இல்லை என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

காலையில் அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒரு அட்டவணை ஒட்டியிருந்தது. சூடாக்கும் சாமான் எதுவானாலும் தடை: கெட்டில், ரைஸ் குக்கர், என் மகளின் ஹேர் ஸ்ட்ரெய்ட்னர். இதில் மாமாவிடம் தப்புச் சொல்ல முடியாது. எல்.இ.டி. விளக்கு மூன்று நாலு வாட். தண்ணீர் பம்பு குழாய் திறந்திருக்கிற நேரத்துக்கு மட்டும் இழுக்கும். போன் சார்ஜெல்லாம் கொசுறு. பேட்டரியைக் கொல்வது சூடுதான். போனையும் இன்வெர்ட்டர் வழியாகச் சார்ஜ் செய்யக் கூடாது, 12 வோல்ட்டை 230-க்கு ஏற்றி மறுபடி 5-க்கு இறக்குவதில் இரண்டு இடத்தில் நஷ்டம், நேராக யு.எஸ்.பி.யில்தான் போட வேண்டும். அதுவும் வண்டி ஓடும்போது மட்டும்.

“தாத்தா, இது ஹியூமன் ரைட்ஸ் வயலேஷன்” என்றாள் மகள்.

“மனு எழுதிக் குடும்மா, மேல அனுப்புறேன்” என்றார் மாமா.

சமையல் கேஸில் என்பதால் அங்கே சிக்கல் இல்லை. கிளென்கோவில், மேகம் பாதி மலையை விழுங்கியிருந்த ஒரு மத்தியானம், வேனுக்குள் குக்கர் வைத்தோம். ஆவியில் கண்ணாடி எல்லாம் வெளுத்து, கூரையிலிருந்து சொட்டத் தொடங்கியது. முதல் விசில் கிளம்பியதும் வெளியே இரண்டு கையிலும் கம்பு ஊன்றி நடந்துகொண்டிருந்த ஒரு தம்பதி அப்படியே நின்று மலையைப் பார்த்தார்கள். இரண்டாவது விசிலுக்கு எங்களைப் பார்த்தார்கள். மூன்றாவதற்குள் நடையைக் கட்டிவிட்டார்கள்.

மாமா நம்ப மறுத்த ஒரே பொருள் ஃபிரிட்ஜ். அது கேஸில் ஓடுகிறது. கீழே ஒரு சின்ன நீலச் சுடர், மேலே ஐஸ். ஸ்டாக்ஹோமில் படித்துக்கொண்டிருந்த பிளாட்டன், முண்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் 1922-இல் கண்டுபிடித்த வித்தை. அம்மோனியாக் கரைசலைச் சூடாக்கினால் அம்மோனியா ஆவியாகப் பிரிந்து, குளிர்ந்து திரவமாகி, மறுபடி ஆவியாகும்போது உள்ளே இருக்கிற சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். மோட்டார் கிடையாது, சத்தம் கிடையாது. ஒரே நிபந்தனை, வண்டி சமமாக நிற்க வேண்டும். சாய்ந்தால் உள்ளே ஓட்டம் நின்றுவிடும். இதைச் சொன்னதும் மாமா “ரசமட்டம் இருக்கா?” என்று கேட்டார். அதன்பிறகு எந்த ஏரிக்கரையில் நிறுத்தினாலும் நாங்கள் காட்சியைப் பார்த்தோம், அவர் ரசமட்டத்தின் குமிழியைப் பார்த்தார்.

கூரையில் 100 வாட் சோலார் பேனல் இருக்கிறது. மதுரையில் போட்டிருந்தால் உருப்பட்டிருக்கும். அக்டோபர் கடைசியில் நண்பகல் சூரியன் மதுரையில் 67 டிகிரி உயரத்தில் நிற்கும். ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸில் 20 டிகிரி ஏறினாலே அதிகம். டிசம்பரில் 9. படுத்துக் கிடக்கிற பேனலின் மேல் வெயில் பக்கவாட்டில் வந்து வழுக்கிக்கொண்டு போகும். அந்த வெயிலையும் மேகம் பிடித்துக்கொள்ளும். மிச்சத்தின் மேல் ஒரு கடல்காகம் வந்து உட்காரும். செல்களை வரிசையாகக் கோத்திருப்பதால் பேனலின் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலே மொத்தத்துக்கும் அடி. மாமா துடைப்பத்தை நீட்டிக் கடல்காகம் விரட்டியதை என் மகள் வீடியோ எடுத்தாள். சார்ஜ் இல்லாததால் வீடியோ பாதியில் நிற்கிறது.

உருப்படியான வருமானம் என்று பார்த்தால் வண்டியின் ஆல்டர்னேட்டர்தான். இப்போது வருகிற வண்டிகளில் புகையைக் குறைப்பதற்காக ஆல்டர்னேட்டர் அவ்வப்போது வோல்டேஜைத் தாழ்த்திக்கொள்ளும்; அதனால் நடுவில் டி.சி.-டி.சி. சார்ஜர் ஒன்று போடுவார்கள். எங்களிடம் இருப்பது 30 ஆம்பியர். ஒரு மணி நேரம் ஓட்டினால் கிட்டத்தட்ட 30 ஆம்பியர்-அவர் ஏறும். இந்த விகிதம் தெரிந்த நாளிலிருந்து சுற்றுலாவுக்கு அர்த்தமே மாறிவிட்டது. கோட்டை பார்க்க வேண்டும் என்றாள் மனைவி. கோட்டை பத்து நிமிஷத் தூரம் என்பதால் அதை மாமா தள்ளுபடி செய்தார். “வோல்டேஜ் 12.1-ல நிக்குது மாப்ள, தூரமா ஏதாச்சும் பாருங்க.”

தூரமாகப் பார்த்ததில் கிடைத்தது குருவாகன். ஆவ் ஏரிக்கரையில் ஒரு மலை. அதன் வயிற்றைக் குடைந்து, 1965-இல் நீர்மின் நிலையம் வைத்தார்கள். கரண்ட் மிஞ்சுகிற நேரத்தில் ஏரித் தண்ணீரை மேலே உள்ள அணைக்கு இறைத்து வைப்பார்கள். தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுப்பார்கள். இந்த நாட்டில் தேவை எப்போது வரும் என்பதே சுவாரஸ்யம். 1990 உலகக் கோப்பை அரையிறுதியில் மேற்கு ஜெர்மனியிடம் இங்கிலாந்து தோற்று முடிந்ததும், தேசமே எழுந்து போய் கெட்டிலைத் தட்டியது. சில நிமிஷத்தில் 2,800 மெகாவாட் ஏறியது. அந்த மாதிரி நேரத்தைச் சமாளிக்கத்தான் மலைக்குள் தண்ணீர் காத்திருக்கிறது.

இதைக் கேட்ட மாமா, வேனிலிருந்து இறங்கி மழையில் நின்றார். “நம்ம காடம்பாறையிலயும் இதேதான் மாப்ள. 400 மெகாவாட்.” கோயமுத்தூர்ப் பக்கத்து மலையை விட்டுக்கொடுக்காமல் இந்த மலைக்கும் ஒரு கும்பிடு போட்டார். பிறகு வேனுக்குள் திரும்பி, தோற்றுவிட்டு டீ போடப் போனவர்கள் மேல் கருணை பிறந்ததாலோ என்னவோ, அன்றைக்கு எங்களுக்கு ஒரு விளக்கு கூடுதலாக அனுமதித்தார்.

பேசாமல் லித்தியம் பேட்டரி போடலாமே என்பது என் மனைவியின் கட்சி. “என்னங்க, எடை பாதி, சார்ஜைக் கடைசி வரைக்கும் எடுக்கலாம், அப்பாவும் கொஞ்சம் ரெஸ்ட் எடுப்பார்.” எல்லாம் சரி. ஆனால் உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. இன்னொன்று, லெட்-ஆசிட் பேட்டரி நிரம்பியிருந்தால் 12.7, பாதியானால் 12.2 என்று முகத்தில் காட்டிவிடும். லித்தியம் அப்படியில்லை. தொண்ணூறு சதவீதத்திலும் முப்பது சதவீதத்திலும் ஏறக்குறைய 13-க்கு மேலேயே நின்று, கடைசியில் பொட்டென்று போகும். உள்ளே போகிற வருகிற ஆம்பியரை எண்ணுகிற கருவி தனியாக வேண்டும். மாமாவுக்கு இது பிடிக்கவே இல்லை. கஷ்டத்தைச் சொல்லாத பேட்டரியோடு அவரால் குடித்தனம் நடத்த முடியாது. எனக்கோ வேறு சந்தேகம். பேட்டரி இரட்டிப்பானால் ஸ்ட்ரெய்ட்னரும் ஏறும், ஏர் ஃப்ரையரும் ஏறும், கடைசியில் நாங்கள் இதே முக்கால் யூனிட் பற்றாக்குறையில்தான் நிற்போம், இன்னும் பெரிய பில்லோடு.

டீசல் ஹீட்டர்தான் இதில் விவகாரமான ஆள். ஓடத் தொடங்கிவிட்டால் ஒன்றிரண்டு ஆம்பியர் போதும். பற்றவைக்கும்போது மட்டும் சில நிமிஷம் பத்து ஆம்பியர் வரை கேட்கும். வோல்டேஜ் குறைவாக இருந்தால் மூச்சு விட்டுப் பார்த்துவிட்டு அணைந்துவிடும். ராத்திரி முழுக்கச் செலவழிந்து பேட்டரி தரைதட்டியிருக்கிற விடிகாலையில்தான் நமக்கு ஹீட்டர் வேண்டியிருக்கும். வெளியே இரண்டு டிகிரி. ஹீட்டர் இருமியது, நின்றது. போர்வைக்குள்ளிருந்து மூன்று குரல்கள் ஒன்றாகக் கேட்டன: “எப்ப வரும்?”

மாமா பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். அன்றைக்கு ராத்திரி நான் நீல சாக்கெட் உள்ள கேம்ப்சைட்டில் இடம் எடுத்தேன்.

வயரைச் செருகியதும் வேனுக்குள் தீபாவளி. ஆயிரம் வாட் ஃபேன் ஹீட்டர் சுழன்றது. இத்தனை நாள் துணிக்கடியில் ஒளித்து வைத்திருந்த மிக்ஸியை மனைவி வெளியே எடுத்தாள். மாமா மட்டும் “கம்பத்துல எத்தன ஆம்பியர்னு பாத்தீங்களா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பழைய கம்பம், ஆறு ஆம்பியர். 1,380 வாட். மிக்ஸி ஒரு சுற்று சுற்றியது, எல்லாம் இருட்டு.

கம்பத்துப் பெட்டிக்குப் பூட்டு போட்டிருந்ததால் வார்டன்தான் வரவேண்டியிருந்தது. எழுபதைத் தாண்டிய மனிதர், டார்ச்சோடு மழைக்கோட்டில் வந்தார். மாமாவும் டார்ச்சோடு இறங்கினார். சாக்கெட், டிரிப், லோடு என்று மாமாவிடம் இருந்த இங்கிலீஷ் அத்தனையும் சரியாக அந்த இடத்துக்குத் தேவையான இங்கிலீஷாக இருந்தது. வார்டனும் சளைக்கவில்லை. 1974-இல் நிலக்கரிச் சுரங்கத் தகராறில் நாடே வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை பார்த்ததையும், டி.வி.யை ராத்திரி பத்தரைக்கு மூடியதையும், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சாப்பிட்டதையும் சொன்னார். மாமா 2012-ஐ எடுத்துவிட்டார். வேனுக்குள் நாங்கள் குளிரில் நடுங்க, வெளியே இரண்டு பேரும் பவர்கட்டில் யார் பெரியவர் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் வார்டன் பெட்டியைத் திறந்து, சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு, கெட்டிலா, ஹேர் டிரையரா என்று கேட்டார்.

“தேங்காய்ச் சட்னி” என்றார் மாமா.