பல்கேரியாக்காரன் பாவம்

ஆங்கிலத்தில் 'பக்கர்' என்றொரு சொல் உண்டு. கொழும்பில் ஒருவரைப் பற்றி "நல்ல பக்கர் மச்சான்" என்றால் அது நற்சான்றிதழ். ஆஸ்திரேலியாவில் கட்டைவிரல் மேசைக்காலில் இடித்துக்கொண்டால் வாயில் வருவது அதுதான். இங்கிலாந்தின் பழைய சட்டப் புத்தகத்திலோ அதற்குத் தண்டனை தூக்கு. அகராதியைத் தோண்டிக்கொண்டே போனால் அடியில் அகப்படுகிற ஆசாமி யார்? வெறும் பல்கேரியாக்காரன்.

கதை 10ஆம் நூற்றாண்டில் தொடங்குகிறது. பல்கேரியாவில் முதலாம் பீட்டர் ஆட்சி. போகோமில் என்றொரு பாதிரியார் ஊர் ஊராகப் போய் ஒரு புது விஷயம் சொன்னார்: இந்த உலகத்தைப் படைத்தது கடவுள் இல்லை, சாத்தான். மன்னருக்கும் பிரபுக்களுக்கும் மாறி மாறி அழுதுகொண்டிருந்த குடியானவர்களுக்கு இதை நம்புவதில் ஒரு சிரமமும் இருக்கவில்லை. சந்தேகம்தான் தீர்ந்தது.

போகோமிலின் ஆட்களில் தீவிரமானவர்களுக்குக் கறி கிடையாது, மது கிடையாது, கல்யாணமும் கிடையாது. பிள்ளை பெற்றால் சாத்தானின் சிறைக்கு இன்னொரு கைதியை அனுப்பிய கணக்கு. சிலுவையைக்கூடக் கும்பிட மாட்டார்கள். மகனைக் கொன்ற மரத்தைத் தகப்பன் எப்படி ரசிப்பார் என்று கேட்டார்கள். பதில் சொல்ல முடியாத கேள்வி கேட்பவர்களை என்ன செய்வது வழக்கமோ, அதைச் செய்யத் தயாரானார்கள் பெரியவர்கள்.

கொள்கை பரவி கான்ஸ்டான்டிநோபிள் வரை வந்துவிட்டது. அங்கே பசில் என்கிற வைத்தியர்தான் தலைவர். பேரரசர் முதலாம் அலெக்சியோஸ் அவரை அரண்மனைக்கு அழைத்து, "சாமி, எனக்கும் உபதேசம் பண்ணுங்க" என்கிற பாவனையில் பவ்யமாக உட்கார்ந்தார். பசில் உச்சி குளிர்ந்துபோய் மனத்தில் இருந்ததையெல்லாம் கொட்டினார். சட்டென்று திரை விலகியது. பின்னால் ஓர் எழுத்தர் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். பசிலை உயிரோடு கொளுத்தினார்கள். இந்தக் கதையை நமக்குச் சொல்வது பேரரசரின் மகள் அன்னா கொம்னேனா. அப்பாவின் தந்திரத்தை ரசித்து ரசித்து எழுதிய அம்மணி, அந்தக் கொள்கை என்ன என்று வரும்போது மட்டும் நாக்கு அசுத்தமாகிவிடும் என்று நழுவிவிட்டார். மனிதனை எரித்தது நாக்கில் ஒட்டவில்லை போலிருக்கிறது.

பிறகு இதே சாயலில் தெற்கு பிரான்சில் கத்தாரர்கள் என்கிற பிரிவினர் கிளம்பினார்கள். சரக்கு பல்கேரியாப் பக்கமிருந்து வந்தது என்று மோப்பம் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் அவர்களை 'பூக்ர்' என்றார்கள். பல்கேரியன் என்பதற்கான பேச்சுவழக்கு அது. வாழ்க்கையில் பல்கேரியாவை எட்டிப்பார்த்திராத ஆட்டுக்காரனும் நெசவாளியும் ஒரே ராத்திரியில் பல்கேரியன் ஆனார்கள்.

அடுத்துதான் மதகுருமார்களின் கற்பனை வேலை செய்தது. இவன் கல்யாணம் வேண்டாம் என்கிறான். பிள்ளையும் வேண்டாம் என்கிறான். அப்படியானால் ராத்திரியில் என்னதான் செய்கிறான்? தூங்குவான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆணோடு ஆண் சேர்கிறான், ஆட்டையும் மாட்டையும்கூட விடுவதில்லை என்று அவர்களே எழுதி, அவர்களே படித்து, அவர்களே அதிர்ந்துபோனார்கள். இவர்களைப் பிடிக்க வந்த விசாரணை அதிகாரிகளில் ஒருவருக்கே ராபர்ட் லெ பூக்ர் என்றுதான் பெயர். ஒருகாலத்தில் அந்தக் கூட்டத்திலேயே இருந்துவிட்டுக் கட்சி மாறியவர். புதுக் கட்சியில் விசுவாசத்தைக் காட்ட வேண்டாமா? 1239இல் ஷாம்பெய்ன் பிரதேசத்தின் மோன்ட்-எமே குன்றில் ஒரே நாளில் ஏறக்குறைய 180 பேரை எரித்தார்.

சொல் கடல் தாண்டி இங்கிலாந்துக்குப் போனது. 14ஆம் நூற்றாண்டில் அங்கே அதற்கு மதவிரோதி என்றுதான் பொருள். பிறகு மதகுருமார்களின் அந்த ராத்திரிக் கற்பனையும் பொருளாக ஒட்டிக்கொள்ள, 1533இல் எட்டாம் ஹென்றி அதைச் சட்டத்தில் ஏற்றினார். பக்கரி என்கிற குற்றத்துக்கு மரண தண்டனை, சொத்து பறிமுதல். அதுவரை திருச்சபை நீதிமன்றம் பார்த்துவந்த வழக்கு மன்னர் கைக்கு வந்தது. இதில் வேடிக்கை, அதே காலத்தில் போப்போடு முறைத்துக்கொண்டு நின்றவர் ஹென்றி. சொல்லின் பழைய பொருளில் பார்த்தால் ரோமாபுரியின் கணக்கில் அசல் பக்கர் அவர்தான்.

அந்தச் சட்டத்தைப் பாராளுமன்றத்தில் நகர்த்தி நிறைவேற்றியவர் மந்திரி தாமஸ் குரோம்வெல். அதன்கீழ் தலை போன முதல் பிரபு வால்டர் ஹங்கர்ஃபோர்ட். தேதி 1540 ஜூலை 28. அவரோடு அதே நாளில் டவர் ஹில்லில் தலை வெட்டப்பட்ட இன்னொருவர், வேறு குற்றச்சாட்டில் மாட்டிக்கொண்ட அதே குரோம்வெல். அன்றைக்கு மன்னரும் சும்மா இருக்கவில்லை. ஐந்தாவது கல்யாணம் செய்துகொண்டிருந்தார்.

இவ்வளவு ரத்தம் குடித்த சொல், கப்பல்காரர்கள், சிப்பாய்கள், பள்ளிப் பையன்கள் வாயில் புரண்டு புரண்டு பல் போன கிழமாகிவிட்டது. 'பாவம், அந்தப் பய' என்கிற இடத்திலும் அதைப் போட்டார்கள். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் 1936இல் சாகும் தறுவாயில், சீக்கிரம் குணமாகி போக்னர் கடற்கரைக்குப் போகலாம் என்று யாரோ தேற்ற, "பக்கர் போக்னர்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார் என்பது ஊர்க்கதை. சாம்ராஜ்யத்தைப் பற்றி விசாரித்தார் என்பது அரண்மனைக் கதை. எது ஜனங்களுக்குப் பிடித்தது என்று சொல்லத் தேவையில்லை. வேல்ஸ் கவிஞர் டிலன் தாமஸ் தன் வானொலி நாடகத்து ஊருக்கு 'லாரெகப்' என்று பெயர் வைத்தார். வேல்ஸ் மொழிப் பெயர் மாதிரி கம்பீரமாக இருக்கும். ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் படித்தால் 'பக்கர் ஆல்', அதாவது ஒரு மண்ணும் இல்லை. 1954இல் புத்தகமாகப் போட்டவர்கள் விழித்துக்கொண்டு எழுத்தை மாற்றிவிட்டார்கள். 1999இல் டொயோட்டா, நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் ஹைலக்ஸ் வண்டி விளம்பரம் முழுக்க அந்த ஒரே சொல்லை வைத்து ஓட்டியது. கடைசியில் வண்டியில் தாவப்போய்ச் சேற்றில் விழுந்த நாயும் அதையே சொன்னது. சிலர் புகார் கொடுத்தார்கள். நியூசிலாந்தில் விசாரித்தவர்கள் இதில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

ஆக, நாய் சொல்லலாம், மன்னர் சொல்லலாம். சட்டத்துக்கு மட்டும் பல் விழவில்லை. ஹென்றியின் சரக்கை வெள்ளைக்காரன் காலனிகளுக்கும் ஏற்றுமதி செய்தான். அசிங்கமான சொல்லை எடுத்துவிட்டு, இயற்கை ஒழுங்குக்கு மாறான உறவு என்று நாகரிகமாகப் பொட்டலம் கட்டி, 1860இல் இந்தியாவுக்கு 377ஆம் பிரிவு, 1883இல் இலங்கைக்கு 365ஆம் பிரிவு. கொழும்பில் யாரையும் அந்தச் சொல்லால் கொஞ்சலாம். அந்தச் சொல் சட்டத்தில் குறித்த காரியத்துக்கோ பத்தாண்டு வரை சிறை என்றது 365.

இங்கிலாந்தும் வேல்ஸும் 1967இல் அந்தக் குற்றத்தை ஓரளவு கைகழுவின. காரணமே இல்லாமல் பெயர் கெட்ட பல்கேரியா 1968இல் கைகழுவியது. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 377இன் பல்லைப் பிடுங்கியது 2018இல். பெயரைக் கொடுத்தவனும் சட்டத்தைக் கொடுத்தவனும் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போன பிறகும் அரை நூற்றாண்டுக்கு நாம்தான் கல்லாவில் உட்கார்ந்து வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கேட்டால், நம் பாரம்பரியம் என்று வேறு சொன்னோம்.