கிணற்றில் டீசல்

சதாமை அடக்க 1990-இல் ஐ.நா. இராக் மீது பொருளாதாரத் தடை போட்டது. அரண்மனையில் அடுப்பு அணையவில்லை, ஆஸ்பத்திரியில் மருந்து தீர்ந்தது. இந்த வித்தையைப் பார்க்க பாக்தாத் வரை போவானேன்? நம்ம அரூர் பக்கம் வாச்சாத்தி இருக்கிறதே!

1992 ஜூன் 20-இல் சந்தனக் கட்டை தேடிப் புகுந்த வனத்துறையும் போலீசும் வீடுகளை நொறுக்கி, தானியத்தில் கண்ணாடித் தூளைக் கலந்து, குடிநீர்க் கிணற்றில் டீசலை ஊற்றின. கடத்தல்காரன் தாகத்துக்கு அங்கேதான் வருவான் என்று கணக்கோ என்னவோ! (18 பெண்களுக்கு நடந்த கொடுமையை எழுத நையாண்டிக்கு நா எழாது.) ஊரையே தண்டிக்கக் கூடாதென்பது 1949 ஜெனீவா உடன்படிக்கை, அது போருக்குத்தானாம்.

குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு முடியுமுன் இறந்தார்கள். மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் சொன்னபோது ஆண்டு 2011.