பதினெட்டு மீட்டர் போதும்

கேள்வி: எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் பள்ளி விட்டதும் மட்டையும் பந்துமாகத்தான் திரிகிறார்கள். நாட்டில் வேறு விளையாட்டே இல்லையா?
– வாசகர், பூனாகலை

பதில்: ஏன் இல்லை? நம் தேசிய விளையாட்டே கிரிக்கெட் அல்ல, கரப்பந்தாட்டம்! 1991இல் அரசே அறிவித்தது. ஆனால் 1996இல் லாகூரில் அர்ஜுன ரணதுங்க உலகக் கிண்ணத்தைத் தூக்கியதும் நாடே அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. அந்த மகிழ்ச்சியில் தப்பில்லை. தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவரின் பேரன் முரளிதரன் டெஸ்டில் 800 விக்கெட் எடுத்தாரே, அது நம் மலைக்கும் பெருமை. ஆனால் அனுசரணையும் தொலைக்காட்சி நேரமும் மூத்த பிள்ளைக்கே போனால் மற்றப் பிள்ளைகள் என்ன செய்யும்? 2018இல் ஆசிய வலைப்பந்துக் கிண்ணத்தை வென்று வந்த அணியில் யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் இருந்தார். அவர் பெயர் எத்தனை லயத்துக்குத் தெரியும்?

அதுவும் உங்கள் மலைச் சரிவில் கிரிக்கெட் மைதானத்துக்கு எங்கே போவது? ஓங்கி அடித்தால் பந்து தேயிலைக்குள். அதைத் தேடுவதற்குள் பனிமூட்டம் இறங்கிவிடும். கரப்பந்துக்கு 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம், சுற்றிலும் கொஞ்சம் இடம். இரண்டு கம்பம், ஒரு வலை, ஒரு பந்து. ஒரே நேரத்தில் பன்னிரண்டு பேர் ஆடலாம்.

தோட்டத் தலைவர்மாரே, இந்த வருஷத் திருவிழாவுக்குக் கரப்பந்துக்கும் ஒரு கிண்ணம் வையுங்கள். பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கிண்ணம் வைக்க மறக்காதீர்கள்!