யார் வீட்டுச் சேவல்? கூலிம் பின்கட்டு முட்டைகள் பற்றி ஓர் ஆய்வு

கூலிம் ஹைடெக் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது. மலேசியாவின் முதல் உயர்தொழில்நுட்பப் பூங்கா என்ற பெருமை அதற்கு உண்டு. இன்டெல், இன்ஃபினியன், ஃபர்ஸ்ட் சோலார் எல்லாம் அங்கேதான். 2024 ஆகஸ்டில் சிலிக்கன் கார்பைடு சில்லுகளுக்கென்றே இன்ஃபினியன் ஒரு புதிய ஆலையையும் திறந்துவிட்டது. இப்படிப்பட்ட ஆலையின் கிளீன் ரூமுக்குள் ஒரு தூசு நுழைந்தால்கூட அது எங்கிருந்து வந்தது, எத்தனை மணிக்கு வந்தது, யார் மேலங்கியில் ஒட்டி வந்தது என்று விசாரணை நடக்கும். அந்த விசாரணையை முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீடு திரும்புகிறவரின் பின்கட்டில், தகரக் கூரைக்கடியில், பழைய மைலோ பெட்டிக்குள் ஒன்பதோ பத்தோ முட்டை கிடக்கிறது. அவை என்று இட்டவை, எந்தக் கோழி இட்டவை, தகப்பன் யார் என்று கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. இவ்வாய்வு அந்தப் பெட்டியைப் பற்றியது.

ஆய்வின் எல்லையை முதலில் வேலி போட்டுவிடுவோம். கடையில் முப்பது முப்பதாகத் தட்டில் அடுக்கி விற்கும் முட்டைகள் இதில் சேரா. அவற்றை இட்ட கோழிகள் பிறந்தது முதல் சேவலைக் கண்டதில்லை. 2022 கடைசியில் முட்டைப் பஞ்சம் வந்தபோது நாமக்கல்லிலிருந்து வந்து இறங்கியவையும் அந்த ரகம்தான். நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்கில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டு முட்டை வந்து சேர்ந்த அந்தச் சரித்திரம் தனி ஆய்வுக்குரியது. கருவியல் நோக்கில் அதில் எழுத ஒன்றுமில்லை. 2025 ஆகஸ்ட் 1இல் முட்டைக்கான உதவித்தொகையும் விலைக் கட்டுப்பாடும் நீங்கியபின், வீட்டில் நாலு கோழி இருந்தால் என்ன என்று யோசிக்கிறவர்கள்தான் நம் வாசகர்கள்.

முன்னோடிகளை வணங்காமல் ஆய்வு தொடங்குவது மரபல்ல. அரிஸ்டாட்டில் அடைமுட்டைகளை உடைத்துப் பார்த்து, மூன்றாம் நாளளவில் இதயம் துடிக்கும் செந்நிறப் புள்ளியாகத் தெரிவதை எழுதி வைத்தார். வில்லியம் ஹார்வி 1651இல் விலங்கின் பிறப்பைப் பற்றி ஒரு பெரிய நூலே எழுதினார். அதில் பெரும்பங்கு கோழிக்குத்தான். காந்தியடிகள் 1942இல் ஆகா கான் மாளிகைச் சிறையில் எழுதத் தொடங்கிய ஆரோக்கிய நூலில், சேவலை அண்டவிடாமல் வளர்த்த கோழியின் முட்டையில் உயிர் இல்லை, பால் குடிக்கிறவர் அதைத் தின்னத் தடையில்லை என்று கருத்துச் சொன்னார். மூவரும் பெரியவர்கள். ஆனால் மூவரில் எவரும் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் குடியிருந்ததில்லை. சேவலை அண்டவிடாமல் வைப்பது கூலிமில் நடக்கிற காரியமா?

தோட்டத்து லயங்களில் இந்தச் சிக்கல் இருந்ததில்லை. சேவல் பொதுச் சொத்து. பால்மரத்துக்கடியில் மேய்ந்தது, எல்லார் வாசலிலும் கூவியது, எல்லார் பெட்டையையும் மிதித்தது. தோட்டம் துண்டாகித் தாமான் வந்தபின் சேவலுக்கு அந்த அந்தஸ்து போயிற்று. இராத்திரி ஷிப்ட் முடித்து எட்டு மணிக்குப் படுக்கிறவரின் ஜன்னலுக்கடியில் எட்டேகாலுக்குச் சேவல் கூவினால் நகராண்மைக் கழகத்துக்குப் புகார் போகிறது. ஆகவே எந்த வீட்டிலும் சேவல் இல்லை. யாரைக் கேட்டாலும் இல்லை. ஆனால் முட்டையில் கரு இருக்கிறது.

சந்தேகத்துக்குரியோர் மூன்று வகை. முதலாவது, கம்பத்துப் பக்கமிருந்து வேலி தாண்டி வரும் கம்பத்துச் சேவல். இரண்டாவது, நாலு வீடு தள்ளி ஒருவர் அழகுக்கு வளர்க்கும் செராமா. கிளந்தானில் உருவான இந்தச் சேவல் உள்ளங்கையில் நிற்கும் அளவுதான், அதைப் பார்த்து “இதுவா?” என்று சிரிப்பவர்கள் பின்னால் வருந்துவார்கள். மூன்றாவது, செம்பனை ஓரங்களில் திரியும் காட்டுச்சேவல். சாம்பல் நிறக் கால், அரவம் கேட்டதும் மறையும் சுபாவம். உலகத்துக் கோழிகளுக்கெல்லாம் மூதாதை இதன் இனம்தான். நெல் சிந்திய இடத்துக்குக் காட்டுக்கோழி தானாக வந்து மனிதரோடு ஒட்டிக்கொண்டது என்று 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு கருதுகிறது. தாய்லாந்தின் பான் நோன் வாட்டில் கிடைத்த, மூவாயிரத்துச் சொச்சம் ஆண்டுப் பழமையான எலும்புகள் அதற்குச் சான்று. கூலிம் இருக்கும் கெடாவோ மலேசியாவின் நெற்களஞ்சியம். அப்படியிருக்க, பின்சந்தில் பழைய சோற்றைக் கொட்டிவிட்டு, “எங்கிருந்துதான் வந்ததோ” என்று கேட்பது ஆராய்ச்சி மனப்பான்மைக்கு அழகல்ல.

சேவலைக் கண்டுபிடித்து விரட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைப்போர் உடற்கூறு அறியாதவர்கள். பெட்டையின் முட்டைக் குழாயில் விந்தைச் சேமித்துவைக்கும் நுண்ணிய மடிப்புகள் உண்டு. ஒரு தடவை மிதித்தாலே இரண்டு வாரம், சில சமயம் மூன்று வாரம்கூடக் கரு கூடும். இன்றைக்குச் சேவல் குழம்பானாலும் அடுத்த வாரத்து முட்டைக்கு அதுதான் தகப்பன். முட்டை வெளியே வரும்போதே மஞ்சள்கரு மேலுள்ள வெள்ளைப் பொட்டில் 40,000 முதல் 60,000 வரை உயிரணுக்கள் இருக்கும். அதற்கு மேல் எல்லாம் சூட்டைப் பொறுத்தது. சுமார் 20 டிகிரிக்குக் கீழே கரு தூங்கும். முப்பத்தேழரையில் முறையாக வளர்ந்து 21 நாளில் குஞ்சாகும். இடையில், 27 டிகிரியைத் தாண்டினாலே அடைகோழி இல்லாமல் அரைகுறையாக வளரத் தொடங்கும். கெடாவின் பகல் வெயிலில் தகரக் கூரைக்கடியிலுள்ள மைலோ பெட்டிக்குள் எத்தனை டிகிரி என்பதை வாசகரே கையை விட்டுப் பார்க்கலாம்.

இங்கேதான் இவ்வாய்வின் கண்டுபிடிப்பு வருகிறது: குற்றவாளி சேவல் இல்லை, எடுக்காமல் விட்டவர். சேவல் மிதித்த முட்டையை அன்றே எடுத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் அது வெறும் முட்டைதான். ருசியிலும் சத்திலும் மயிரிழை வித்தியாசம் கிடையாது. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட்காரர் நாலு நாள் சேர்ந்தாற்போல் பின்கதவைத் திறப்பதில்லை. கோழி காலையில் இடுகிறது; அவர் காலையில் தூங்குகிறார். இதைவிடப் பெரிய காரணம் புரட்டாசி. வீடு முழுக்கச் சைவத்துக்கு மாறிவிடும், கோழியைத் தவிர. யாரும் சீண்டாத முட்டை பெட்டியில் குவியும். குவிந்ததைக் கண்ட பெட்டைக்கு ஆசை வந்து அடைக்கு உட்கார்ந்துவிடும். விரதம் முடிகிற சமயத்தில் குஞ்சு பொரிக்கும். “தீபாவளிக்கு ஆச்சு” என்று குதூகலிப்பவர்கள் கணக்கில் வீக். நாட்டுக்கோழி கறிக்குத் தேற நாலைந்து மாதம் ஆகும், அதற்குள் தைப்பூசமே வந்துவிடும்.

முட்டையில் கரு வளர்கிறதா என்று கண்டறியும் முறை எளிது. இருட்டறையில் கைப்பேசி டார்ச்சின்மேல் முட்டையின் பருத்த முனையை வைத்துப் பார்க்க வேண்டும். ஐந்தாறு நாள் அடையிலிருந்த முட்டையில் ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து கிளைக்கும் செந்நரம்புகளும் தெரியும். நரம்பில்லாமல் செவ்வளையம் மட்டும் தெரிந்தால் கரு தொடங்கிச் செத்துவிட்டது. ஒன்றுமே தெரியாவிட்டால் வெற்று முட்டை, அல்லது ஓடு பழுப்பு என்பதால் நமக்குத்தான் தெரியவில்லை. மஞ்சள்கருவில் ஒரு துளி இரத்தம் கண்டதும் “ஐயோ குஞ்சு” என்று அலறுகிறவர்களுக்காக: அது கோழியின் சினைப்பையில் ஒரு நரம்பு கசிந்தது, சேவலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எப்படியும் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துவிட்டுச் சட்டியில் ஊற்றுவது உத்தமம்.

டார்ச்சுக்கு முன்பிருந்த மரபை ஒதுக்கிவிட முடியாது. தோட்டத்துப் பாட்டிமார் அடை வைக்கும்போது ஒற்றைப்படையில் வைப்பார்கள், முட்டைமேல் அடுப்புக்கரியால் கோடு கிழிப்பார்கள். கோடில்லாதது புதிது, அன்றைக்கே எடுத்துவிடலாம். எடுக்காமல் விட்டால் முன்னும் பின்னுமாகப் பொரிக்கும், முதல் குஞ்சுகளோடு கோழி இறங்கிப் போய்விடும், மிச்சமெல்லாம் கூமுட்டை. கரிக்கோட்டில் இவ்வளவு விஷயம் இருக்கிறது. பிறகு அடைக்கூடையில் அவர்கள் போட்டுவைக்கும் இரும்பாணி. ஒரு ஃபேக்டரிப் பெண் கேட்டாள்: “பாட்டி, கூடையில எதுக்கு ஆணி?” “இடி இடிச்சா முட்டை கெட்டுப் போயிரும்லா. இரும்பு இருந்தா ஒண்ணும் செய்யாது.” பெண்ணுக்குச் சிரிப்பு. அவளே ஆலையில் சில்லைத் தொடுவதற்கு முன் மணிக்கட்டில் பட்டை கட்டி, அதன் வயரைத் தரையிணைப்பில் மாட்டிக்கொள்கிறவள். ஸ்டாட்டிக் சில்லைக் கெடுத்துவிடுமாம். ஆணி முட்டையைக் காப்பாற்றும் என்பதற்கு ஆதாரம் இல்லைதான், ஆனால் முன்னுரிமை யாருக்கு என்பதைக் காப்புரிமை அலுவலகம் யோசிக்கட்டும்.

பாதி வளர்ந்த முட்டையை என்ன செய்வது என்பதில் அறிஞர்களிடையே ஒற்றுமை இல்லை. வியட்நாமிலும் பிலிப்பீன்ஸிலும் கரு வளர்ந்த வாத்து முட்டையை அவித்து உப்புத் தொட்டுத் தின்கிறார்கள் என்று சொன்னதும் நம் ஆட்கள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். கோழியைத் தண்ணீரில் முக்கி அடை தெளிவிப்பது, மூக்கில் இறகு செருகுவது என்றெல்லாம் பழைய வைத்தியம் உண்டு. கோழிக்கு அது பிடிக்காது, எனக்கும்தான். நரம்பு தெரிந்துவிட்டதென்றால் பேசாமல் கோழியிடமே விட்டுவிடுவது என் கட்சி. விட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்: பொரிப்பதில் ஏறக்குறையப் பாதி சேவல்.

அப்போது உரிமைப் பிரச்சினை எழுகிறது. தோட்டத்து வழக்குப்படி முட்டையும் குஞ்சும் பெட்டைக்காரருக்கு, சேவல்காரருக்குப் பங்கில்லை. கோழியை வாரத்துக்கு விட்டிருந்தால் குஞ்சில் சரிபாதி. தாமான் வழக்கு இன்னும் எழுதப்படவில்லை. ஒரு சந்தில் நகராண்மைக் கழகக் கடிதம் வந்த அன்று, கூவின சேவல் எங்களுடையதல்ல என்று வரிசையாக எல்லா வீட்டாரும் சொன்னார்கள். தீபாவளிக்கு முந்தின நாள் அதே சேவலுக்கு மூன்று வீட்டார் சட்டியோடு வந்து நின்றார்கள்.