கணக்கு வாத்தியாருக்குக் கைமாத்தாப் போன பீரியடு

வாய்யா மருமகனே, வா. கல்லுல வேப்பம்பழம் கெடக்கும், துண்டால தட்டிவிட்டு உக்காரு. வெள்ளை வேட்டி, சட்டைப்பையில ரசீதுப் புத்தகம்... ஒன்னையப் பள்ளி மேலாண்மைக் குழுவுல சேத்துட்டாங்கன்னு உங்கத்தை சொன்னா. விளையாட்டு விழாவுக்குக் கப்பு வாங்கணும், மாமா ஐயாயிரம் எழுதுங்கன்னுதான வந்திருக்க? எழுதுவோம், பணம் எங்க ஓடிப்போகுது. மொதல்ல மாமன் நாலு யோசனை சொல்லுதேன், கேட்டுக்க. யோசனைக்கு ரசீது வேண்டாம்.

மொத யோசனை: இந்த பி.டி. பீரியடு இருக்குல்ல, அதைக் கணக்கு வாத்தியாருக்குக் கைமாத்தாக் குடுத்திரு. திருப்பிக் கேக்காத. கேட்டா அவரு பத்தாம் வகுப்பு ரிசல்ட்டைக் காட்டுவாரு, நீ வாயை மூடிக்கிடுவ. வாலிபாலைப் பீரோவுல வச்சுப் பூட்டிரு. போன வருசம் வாங்குனது இன்னும் உறை பிரிக்காமத்தான இருக்கு? பொருளைப் பாதுகாக்குததுல நம்ம ஊரை அடிச்சுக்கிட முடியாது.

சேலம் பக்கம் பெரியவடகம்பட்டியில மாரியப்பன் தங்கவேலுன்னு ஒரு பையன். அஞ்சு வயசுல வலது கால் பஸ்ஸுல நசுங்கிப் போச்சு. பள்ளிக்கூடத்துல பி.டி. வாத்தியார் கண்ணுல பட்டான். 2016ல ரியோ பாராலிம்பிக்ல 1.89 மீட்டர் உசரம் தாண்டித் தங்கம் வாங்கிட்டான். நீயும் நானும் ஏணி போட்டு ஏறுத உசரம்யா அது! அன்னைக்கு அந்த வாத்தியாரும் நம்மள மாதிரி பெரிய மனசு பண்ணி பீரியடைக் கைமாத்தாக் குடுத்திருந்தா, நாட்டுக்கு ஒரு தங்கம் மிச்சமாகியிருக்கும், பாவம்.

ரெண்டாவது யோசனை: பொம்பளைப் பிள்ளைகளைக் கபடிக்கு விட்டிராத. வெயில்ல கறுத்துப்போகுமாம். மொளகாப் பழம் எடுக்கப் போகும்போது காயுத வெயில் வேற; அதுல கறுக்காது. பருத்திக்காட்டு வெயிலும் அப்படித்தான், ரொம்பச் சாது. கபடிக் கோட்டுக்கு மேல காயுததுதான் பொல்லாத வெயிலு! 

கபடிக்கு என்னய்யா பெரிய செலவு? ஆம்பளைகளுக்கு 13க்கு 10 மீட்டர், பொம்பளைகளுக்கு 12க்கு 8. ஒரு களத்துமேட்டு அளவு. மத்தபடி மூச்சு வேணும். அதுக்கு டெண்டர் விட வேண்டாம். பாடிப் போறவனுக்கு 30 செகண்டு. அதுக்குள்ள ஏழு பேரு மூஞ்சியையும் படிக்கணும், எவன் கணுக்காலுக்குக் குறி வச்சிருக்கான்னு கண்டுபிடிக்கணும், தொட்டுட்டுக் கோட்டுக்கு எத்தனை எட்டுன்னு மனசுல வச்சிருக்கணும். இது கணக்கு இல்லையாம். கரும்பலகையில எழுதுனாத்தான் கணக்காம்.

கம்பு சுத்துதவனை முந்தி என்ன சொன்னோம்? ரவுடிப்பயன்னோம். இப்பக் கவர்மெண்டு வேலையில விளையாட்டுக்காரங்களுக்கு நூத்துக்கு மூணு எடம், அதுல சிலம்பத்தையும் சேத்தாச்சு. ரவுடின்னு சொன்ன வாயெல்லாம், “தம்பி, எங்க பேரனுக்கும் ஒரு சர்ட்டிபிகேட் வாங்கித் தாயேன்”னு குழையுது.

மூணாவது, தொழில் பாடம். பிளஸ் டூ 1978ல வந்துச்சு. தொழிற்கல்வியும் கூடவே வந்துச்சு. ஒரே பிரசவத்துல ரெட்டைப்பிள்ளை. ஒண்ணுக்குப் பாலு, ஒண்ணுக்குக் கஞ்சித்தண்ணி. மார்க் வந்தவனுக்கு பயாலஜி, வராதவனுக்கு ஸ்பேனர்! மோட்டாருக்குக் காயில் கட்டுதவன் எண்ணாமலா சுத்துவான்? சுத்து கூடக்கொறையப் போனாப் புகைஞ்சு போகும். போன மாசம் நம்ம கிணத்து மோட்டார் எரிஞ்சப்ப, எஞ்சினியருக்குப் படிச்ச என் மூத்தவன் யாருக்குப் போன் போட்டான்னு நினைக்க? அந்த மார்க் வராதவனுக்குத்தான். அதுவும் “அண்ணே, அண்ணே”ன்னு நாலு தடவை.

பக்கத்து டவுன் பள்ளிக்கூடத்துல வேளாண்மைப் பாடம் இருந்துச்சு. வாத்தியார் ரிடையர் ஆனாரு, பாடமும் மாலை போட்டுக்கிட்டு அவரு கூடவே வீட்டுக்குப் போயிருச்சு. 2012ல ஓவியம், தையல், உடற்கல்வின்னு 16,549 பேரைப் பகுதிநேரமா எடுத்தாங்க. வாரத்துக்கு மூணு அரை நாள், மாசம் ஐயாயிரம். அரை வயித்துக்காரங்க வந்து முழுப் பிள்ளைகளை வளக்கணும். நம்ம ஊரு கிடாவெட்டுப் பந்தலுக்கு ஆன செலவு ஒனக்குத் தெரியும், நான் சொல்லலை.

சிரிக்காத. தொழில்னு சொன்னதும் நம்மாளு முகம் சுளிக்கான்ல, அந்தச் சுளிப்புக்கு ஒரு நாயம் இருக்கு. 1953ல நான் ரெண்டாங்கிளாசு. ராஜாஜி முதலமைச்சர். கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மூணு மணி நேரம் போதும், மிச்சப் பொழுதுக்கு அப்பன் தொழிலைப் பாத்துக் கத்துக்கோன்னு திட்டம் வந்துச்சு. என் கூடப் படிச்ச சலவைக்காரர் மகன் பொதி தூக்கப் போனான். சவரக்காரர் மகன் பெட்டி தூக்கப் போனான். பண்ணையார் மகன் என்ன கத்துக்கிட்டான்னு கேளு. திண்ணையில சாஞ்சுக்கிட்டு ஏவல் சொல்லக் கத்துக்கிட்டான். அதுவும் குலத்தொழில்தான! குலக்கல்வின்னு ஊரெல்லாம் கொதிச்சுது. 1954ல ராஜாஜி எறங்க, காமராசர் வந்தாரு, திட்டம் போச்சு.

ஆனா இன்னொண்ணும் கேளு. அஞ்சாங்கிளாசுல தக்ளியைக் குடுத்து நூல் நூக்கச் சொன்னாங்க. காந்தி சொன்ன ஆதாரக் கல்வி. பண்ணையார் மகனும் சலவைக்காரர் மகனும் ஒரே வரிசை. ரெண்டு பேரு நூலும் பட்டு பட்டுன்னு அந்து விழுந்துச்சு. பண்ணையார் மகனுதுதான் கொஞ்சம் கூட அந்துச்சு. என் வாழ்க்கையில நான் கண்ட மொத சமத்துவம் அதுதான்யா. அப்பன் தொழிலை மகன் தலையில கட்டுனா அது வெலங்கு. அதே வேலையை எல்லார் கையிலயும் குடுத்தா அது படிப்பு. கலெக்டர் ஆகப்போறவளும் பியூஸ் கட்டட்டும், பியூஸ் கட்டுதவனும் கலெக்டருக்குப் படிக்கட்டும். இம்புட்டுத்தான் விசயம்.

நாலாவது யோசனை சொல்லாம எங்க எந்திரிக்க? கப்பு வாங்காத. மொதல்ல மைதானத்தைக் கண்டுபிடி. மைதானம் எங்க இருக்குன்னு கேக்கியா? என்ன முழிக்க... சரி, சரி, நீ கேக்கதுக்கு முன்னால நானே சொல்லிருதேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால நிக்குத அந்த வைக்கப்படப்பு என்னுதுதான். ஒம்பது வருசமா மாடு திங்குத எடத்துலதான் கபடிக் கோடு இருந்துச்சு. இம்புட்டு நேரம் நான் யாரை நையாண்டி பண்ணுனேன்னு நெனச்ச?

வெள்ளிக்கெழமை படப்பைப் பிரிச்சு எடுத்திருதேன். வேணும்னா பிள்ளைகளையும் கூட்டிட்டு வா. படப்பு சரியாமப் பிரிக்கவும் கைப்பழக்கம் வேணும்ல. ஆனா ஆட்டுக்காரர் மகனை மட்டும் ஏத்திவிட்டுட்டு மத்தவனை வேடிக்கை பாக்க விட்டேன்னு வையி, ரசீதைக் கிழிச்சுப்போடுவேன். எம்பேரன் மொதல்ல ஏறட்டும். அவனுக்கு வைக்கல் அரிக்கும். அரிக்கட்டும்.