அம்பல், அலர், வரைவு: நிர்வாகப் பிரிவின் அறிவிப்புப் பலகைக்கு ஒரு திணை இலக்கணம்

பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கு உட்படாத பொருள் எதுவும் மிச்சமில்லை. மண்புழுவுக்கு முனைவர் பட்டம், மரவள்ளிக்கு முனைவர் பட்டம். அந்தப் பட்டங்களுக்கெல்லாம் கோப்பு நகர்த்திய நிர்வாகப் பிரிவில், மாடிப்படிக்கு அடியில், பச்சைத் துணி ஒட்டிய பலகை ஒன்று தொங்குகிறது. யார் வந்தார், யார் போனார், யார் உயர்ந்தார், யார் ஓய்ந்தார் என்ற பணியாளர் செய்தி அத்தனையும் அதில்தான் குத்தப்படுகிறது. அதை மட்டும் இதுவரை எவரும் ஆய்வுத் தலைப்பாகப் பதிவு செய்யவில்லை. இருபத்து நான்கு ஆண்டுகள் அதன் எதிரே நின்றவன் என்ற ஒரே தகுதியில் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். எனக்கு நெறியாளர் கிடையாது. வாய்மொழித் தேர்வு மட்டும் தினமும் பதினோரு மணிக்கு டீக்கடையில் நடக்கும்.

முதலில் ஆய்வுப்பொருளின் தொன்மையை நிறுவ வேண்டும். அதுதான் முறை. சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் தொடங்கியபோது லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்துத்தான் தன் அமைப்பை வகுத்துக்கொண்டது. கல்லூரிகளை இணைத்துக்கொள்வது, தேர்வு வைப்பது, பட்டம் கொடுப்பது, இவ்வளவே அதன் வேலை. தனக்கென்று துறைகளும் பேராசிரியர்களும் வந்தது இருபதாம் நூற்றாண்டில்தான். அதாவது அரை நூற்றாண்டுக்கும் மேல் அது முழுக்க முழுக்க ஆபீசாகவே இருந்தது. கோழி முந்தியா முட்டை முந்தியா என்பது இன்னும் தீராத வழக்கு. பேராசிரியர் முந்தியா பதிவாளர் முந்தியா என்பது தீர்ந்த வழக்கு. இதைப் பேராசிரியர்கள் முன்னிலையில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். டீக்குக் காசு அவர்கள் கொடுக்கவில்லை.

இனி முதற்பொருள். தொல்காப்பியர் நிலமும் பொழுதும் என்றார். நமக்கு நிலம் பலகை. அதை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். கண்ணாடிக் கதவுக்குப் பூட்டு உண்டு. ஆனால் சாவி எந்தப் பிரிவின் பொறுப்பு என்ற கோப்பு நிலுவையில் இருப்பதால் பூட்டுவதில்லை. வலது மேல் மூலையில் ஒரே குண்டூசியில் ஏழு காகிதங்கள். மேலே இருப்பது அகவிலைப்படி. அதைத் தூக்கினால் பதவி மூப்புப் பட்டியல், பேனாவால் யாரோ இரண்டு பெயர்களுக்கு நடுவே அம்புக்குறி போட்டது. அதையும் தூக்கினால் கூட்டுறவுச் சங்கப் பேரவைக் கூட்டம். எல்லாவற்றுக்கும் அடியில், ஊசியின் துரு வட்டமாய் இறங்கிய ஒரு காகிதத்தில், காணாமல்போன குடை பற்றிய வேண்டுகோள். கீழடிக்குப் போனால் மண்ணடுக்கு, இங்கே ஊசியடுக்கு. குடை இன்னும் கிடைக்கவில்லை.

பொழுது, வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை. இடமாற்ற ஆணைகள் அந்நேரத்தில் ஒட்டப்படும். சண்டை போட வேண்டியவர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்; சனியும் ஞாயிறும் கழிந்தால் கோபம் பாதியாகும். இந்த உத்தியைக் கண்டுபிடித்தவர் யாரென்று தெரிந்தால் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் தரலாம்.

கருப்பொருள்கள்: சால்வை, மிக்சர், குண்டூசி, 'நகல்: இருப்புக் கோப்பு'.

உரிப்பொருளுக்கு வருவோம். சேர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்று சங்கப் புலவர்கள் மனித வாழ்வை ஐந்தாக வகுத்தார்கள். நிர்வாகப் பிரிவின் பணியாளர் செய்திகளும் கூடுதல் குறைவில்லாமல் இந்த ஐந்தே. காதலுக்கென்று வகுத்ததை நாங்கள் பணியமைப்புக்கு எடுத்துக்கொண்டோமா, பணியமைப்பை முன்கூட்டியே பார்த்துத்தான் அவர்கள் வகுத்தார்களா என்பது மேலாய்வுக்கு உரியது.

குறிஞ்சி எளிது. புதிதாக ஒருவர் இளநிலை உதவியாளராகச் சேர்கிறார், 'முற்பகல்' சேர்கிறார். மதியம் ஒன்றரைக்குள் அவர் எந்த ஊர், என்ன படிப்பு, கல்யாணம் ஆயிற்றா என்பது பிரிவுக்குத் தெரிந்துவிடும். அதற்குமேல் குறிஞ்சியில் ஆய்வதற்கு எதுவும் இல்லை.

பாலைதான் ஆழமானது. தொல்காப்பியர் பாலைக்குத் தனி நிலம் ஒதுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வேனிலில் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது இளங்கோவடிகள் தரும் விளக்கம். எங்களிடமும் பாலைக்கென்று தனிப் பிரிவு கிடையாது. தேர்வுப் பிரிவில் இருந்தவருக்குப் பதிவறை பாலை. பதிவறைத் தூசியில் பன்னிரண்டு வருஷம் தும்மி வாழ்ந்தவருக்குத் தேர்வுப் பிரிவு பாலை. எவரை எங்கே தூக்கிப் போடுகிறார்களோ அந்த நாற்காலி அக்கணமே காய்ந்துவிடும். பாலைக்குரிய பெரும்பொழுது வேனில். இடமாற்றமும் மே மாதத்தில் வருகிறது. சிறுபொழுது நண்பகல்; நாங்கள் கொஞ்சம் தள்ளி, 'பிற்பகல் பணிவிடுவிப்பு செய்யப்படுகிறார்' என்கிறோம்.

இங்கே இலக்கணம் கவனிக்கத் தக்கது. அகத்திணையில் தலைவனின் இயற்பெயரைச் சொல்லக் கூடாது என்பது மரபு. இடமாற்ற ஆணையிலும் அந்த மரபு போற்றப்படுகிறது. மாற்றப்பட்டவர் பெயர், தலைப்பெழுத்து, பதவி, பிரிவு எல்லாம் இருக்கும். மாற்றியவர் பெயர் இராது. 'மாற்றம் செய்யப்படுகிறார்', 'ஆணையிடப்படுகிறது', 'அறிவுறுத்தப்படுகிறார்' என்று செயப்பாட்டு வினைகளாகவே வரும். மழை பெய்வதுபோல, பயிர் முளைப்பதுபோல, தானாக நடந்ததென்று தோன்றும். காரணம் கேட்டால் 'நிர்வாக நலன் கருதி'. இந்தத் தொடரை இடக்கரடக்கல் வகையில் சேர்க்கிறேன். ஆளில்லாமல் மாற்றினாலும் அதுதான், ஆள் பிடிக்காமல் மாற்றினாலும் அதுதான். இதற்கு எதிர்த்தொடர் 'சொந்த விருப்பத்தின் பேரில்'. வெளியூர் விரிவாக்க மையத்துக்கு மாற்றும்போது இதைப் போட்டுவிட்டால் பயணப்படி கொடுக்க வேண்டியதில்லை. எத்தனை பேருடைய விருப்பம் அவர்களுக்கே தெரியாமல் கோப்பில் பிறந்திருக்கிறது என்று சொன்னால் கட்டுரை நீண்டுவிடும்.

முல்லை, பதவி உயர்வுக்குக் காத்திருத்தல். மருதம், பட்டியல் வந்தபின் ஊடல், மேல்முறையீடு என்பார்கள். இரண்டும் பெரும்பாலும் ஒரே ஆளுக்கு, ஒன்றன்பின் ஒன்றாக நேரும்.

கைக்கிளை என்பது ஒருதலைக் காமம். இடமாற்றம் கேட்டுத் துணைவேந்தருக்கு எழுதும் விண்ணப்பங்களுக்கு இது பொருந்தும், பதிலே வராது. பெருந்திணை என்பது பொருந்தாக் காமம். ஒரு பிரிவின் உதவிப் பதிவாளரிடமே இன்னொரு பிரிவையும் கட்டிவைத்து 'முழு கூடுதல் பொறுப்பு' என்று ஆணை போடுவதை இதில் அடக்கலாம். முழுதாகவும் இருந்து கூடுதலாகவும் இருப்பது எப்படி என்று தருக்கவியலார் கேட்கலாம். அவர்கள் எங்கள் ஆபீசுக்கு வந்ததில்லை.

நெய்தலில்தான் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேற்றுமை. ஓய்வுபெறுதலைப் பாலையில் வைப்பதா, நெய்தலில் வைப்பதா? பிரிவதால் பாலை என்பது என் பழைய கருத்து. பாராட்டு விழாக்களைத் தொடர்ந்து கேட்டபின் மாற்றிக்கொண்டேன். இரங்கல் கூட்டத்தில் பேசுவதற்கும் அங்கே பேசுவதற்கும் ஒரு சொல் வேறுபாடு இல்லை. 'யாரையும் கடிந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை', 'அவர் இடத்தை யாரும் நிரப்ப முடியாது'. பாராட்டப்படுபவர் எதிரே உட்கார்ந்து சால்வைக்குள் வியர்த்துக்கொண்டே மிக்சர் சாப்பிடுகிறார், அது ஒன்றுதான் வித்தியாசம். எங்கள் கண்காணிப்பாளர் அம்மாவிடம் இதைப் பற்றி ஒருநாள் கேட்டேன்.

"மேடம், ரிட்டயர்மென்டைப் பாலையில வைக்கலாமா, நெய்தல்ல வைக்கலாமா?"

"எனக்கு ஜூன்ல வருது சார். கேசரியா அல்வாவான்னே இன்னும் முடிவு பண்ணலை. நீங்க எதுல வேணா வையுங்க, மோதிரத்துக்கு கலெக்‌ஷன் மட்டும் கரெக்டா வாங்கிடுங்க."

இத்துறை வரலாற்றில் ஓர் இருண்ட காலமும் உண்டு. களப்பிரர்களுக்குப் பிறகு தமிழகம் கண்டது இதுதான். 2020 மே மாதம் அரசு ஓய்வு வயதை 58-இலிருந்து 59 ஆக்கியது. அந்த ஓராண்டு முடிவதற்குள், 2021 பிப்ரவரியில், 60 என்று அறிவித்தது. எங்கள் ஆட்சிக்குழுவும் அப்படியே ஏற்றது. விளைவு, 2020 மே முதல் 2022 ஏப்ரல் வரை எழுத்தர் வர்க்கத்தில் ஒருவர்கூட வயது முதிர்ந்து போகவில்லை. மாலை கட்டுபவர் எங்கள் வாசலை மறந்தார். ஓய்வுக்கு நாள் எண்ணியவர்களின் காலண்டர் இரண்டு முறை பொய்த்தது. அவர்களுக்குப் பின்னால் முல்லையில் நின்றவர்களின் முகத்தை நான் வருணிக்க மாட்டேன். அலுவலக உதவியாளர்களுக்கு முன்பிருந்தே 60 என்பதால், அந்த ஈராண்டில் மேடையேறியவர்கள் அவர்கள்தான். ஆயுள் முழுக்க மற்றவர்களின் விழாவுக்கு நாற்காலி போட்டவர்கள், நடு நாற்காலியில் உட்கார்ந்தார்கள். இருண்ட காலம் என்று பெயர் வைத்தது எழுத்தர்கள் என்பதை இவ்விடத்தில் பதிவு செய்கிறேன்.

இதுவரை சொன்னது வகைப்பாடு. இனி ஆய்வேட்டின் புதுக் கண்டுபிடிப்பு.

பலகையில் செய்தி ஒட்டுவது பணியாளருக்குத் தெரிவிப்பதற்காக என்று பொதுவாக நம்பப்படுகிறது. இது பிழை. இருபத்து நான்கு ஆண்டுகளில் ஒருவர்கூடப் பலகையைப் பார்த்து ஒரு செய்தியைப் புதிதாகத் தெரிந்துகொண்டு நான் கண்டதில்லை. பார்க்க வருகிறவர் தலையை மட்டும் ஆட்டுவார், "வந்துடுச்சா" என்பார். எதிர்பார்த்த விருந்தாளி படியேறியதுபோல. அப்படியானால் செய்தி எங்கிருந்து பரவுகிறது?

சங்க இலக்கியம் இதற்கும் சொல் வைத்திருக்கிறது. வாய்க்குள் முணுமுணுக்கப்படுவது அம்பல். அது மலர்ந்து ஊரறியப் பேசப்படுவது அலர். பதிவாளர் அறையில் தட்டச்சர் ஒரு பெயரை அடிக்கும்போது அம்பல் பிறக்கிறது. தபால் பிரிவுக்கு வரும்போது மொட்டு பருக்கிறது. டீக்கடை பெஞ்சில் அலர். "அண்ணே, அடுத்த வாரம் நீங்க மேல போறீங்களாமே" என்று கிளாசைக் கழுவிக்கொண்டே கடைக்காரர் சொல்லிவிட்டால், சம்பந்தப்பட்ட கோப்பு அப்போதுதான் மூன்றாவது மேசையைத் தாண்டியிருக்கும்.

அகப்பாட்டில் அலர் எழுந்தபின் என்ன நடக்கும்? ஊர் வாய்க்குப் பயந்து தலைவன் வரைவுக்கு, அதாவது திருமணத்துக்கு முயல்வான். ஆபீசிலும் அலர் எழுந்தபின் வரைவுதான். வரைவு ஆணை தயாராகிறது, ஒப்புதல் பெறுகிறது, ஒட்டப்படுகிறது. இரண்டு வரைவும் ஒரே சொல்லாய் அமைந்தது தற்செயல் என்பவர்களோடு வாதிட நான் தயார். அலர் வரைவைத் தூண்டுகிறது. பலகையில் ஏறுவது தாலி. ஊருக்கு முன்பே தெரிந்ததை அது முறைப்படுத்துகிறது. ஆகவே நூற்பா செய்தேன்: அலர் எழாத ஆணை ஆணை ஆகாது.

இந்த விதிக்குச் சான்று வேண்டுமல்லவா. என் சொந்த வாழ்விலிருந்தே தருகிறேன்.

எங்கள் பிரிவுகளில் என் பெயரிலேயே இன்னொருவர் இருக்கிறார். பதவியும் ஒன்று, சேர்ந்த வருஷமும் ஒன்று. என் தலைப்பெழுத்து கோ., அவருடையது கே.; இருவருக்கும் இடையில் ஒரு துணைக்கால்தான் தூரம். ஒரு வெள்ளிக்கிழமை மாலை பலகையில் பதவி உயர்வு ஆணை ஏறியது. கோ. என்று தெளிவாக இருந்தது. இரண்டு முறை படித்தேன், கண்ணாடியைத் துடைத்து மூன்றாம் முறை படித்தேன். திங்கட்கிழமை ஒரு கிலோ ஜாங்கிரியோடு போனேன்.

ஆய்வாளன் அங்கேதான் சறுக்கினான். ஒரு வாரமாக டீக்கடையில் எவரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. தட்டச்சர் வழக்கம்போலவே கடன் கேட்டார். கடைக்காரர் கே.-யிடம்தான் "எப்ப சார் ட்ரீட்" என்று நான்கு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அதை நான் பக்கத்திலேயே நின்று கேட்டேன், குறிப்பேட்டில்கூட எழுதிவைத்தேன். கே.-யே ஜாங்கிரி இரண்டு எடுத்துக்கொண்டு, "வாழ்த்துகள் சார், நல்லா இருக்கு, எந்தக் கடை?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த நிதானத்தைப் பார்த்தாவது புரிந்திருக்க வேண்டும்.

மூன்று மணிக்குப் பிழைத்திருத்தம் ஏறியது. அதே குண்டூசியில், அகவிலைப்படிக்கும் மேலே. 'கோ. என்றிருப்பதைக் கே. எனத் திருத்திப் படிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.' கேட்டுக்கொண்டவர் யாரென்று இல்லை. சுற்றி நின்றவர்கள் வழக்கம்போலத் தலையாட்டினார்கள். "வந்துடுச்சா."

சம்பந்தப்பட்டவன் என்ற முறையில் எனக்கும் ஒரு நகல் தபாலில் வந்தது. உறையின் மேல் என் பெயரைப் பார்த்தேன். தலைப்பெழுத்து கே. என்று இருந்தது.